கீழாற்றூர் புறவழிச்சாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்மூரில் எங்காவது புறவழிச்சாலைக்குக் கல் நட ஆட்கள் வந்தால், "கேரளாவில் ஒரு ஊரில் வயலுக்காகச் சண்டை போட்டார்களே, அது என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஊர் கீழாற்றூர். கண்ணூர் மாவட்டத்தில் தளிப்பறம்பு நகராட்சிக்குள் இருக்கிறது. அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எந்தச் சாலை இது?

மும்பை பக்கம் பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 66. வட கேரளத்துப் பழைய ஆட்கள் இன்னும் 'என்.எச். 17' என்றுதான் சொல்வார்கள். கேரளத்தில் வட எல்லையிலுள்ள தலப்பாடியிலிருந்து திருவனந்தபுரம் வரை இதை ஆறு வழிச்சாலையாக, 45 மீட்டர் அகலத்தில் மாற்றும் வேலை நடக்கிறது. அங்கே 45 மீட்டர் என்ற பேச்சே தகராறுதான். சாலையின் இரண்டு பக்கமும் வீடு, கடை, பள்ளிவாசல், கோயில் என்று இடைவெளி இல்லாமல் ஓடும் நாடு அது. 2010-இல் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி 30 மீட்டர் போதும் என்று முடிவெடுத்தது. அதே ஆண்டில் 45-க்கே திரும்பியும் வந்தது.

தளிப்பறம்பு ஊருக்குள் இருக்கும் சாலையையே அகலப்படுத்தியிருக்கலாமே?

சொன்னார்கள். கடைவீதி போய்விடும் என்பதுதான் எதிர்ப்பு. இடிபடும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு வாடகைக்காரர், ஒரு உரிமையாளர், ஒரு வியாபாரி சங்கம் உண்டு. இடிக்கும் செலவும் இழப்பீடும் எக்கச்சக்கம். அதனால் ஊரைச் சுற்றிப் போகலாம் என்று குற்றிக்கோலில் பிரிந்து குப்பத்தில் சேரும் புறவழி வந்தது. முதலில் யோசித்த கோட்டில் நிறைய வீடுகள் சிக்கின, அங்கேயும் எதிர்ப்பு. கடைசியில் வீடுகள் குறைவாக இருக்கும் இடம் தேடிப் போனபோது கோடு கீழாற்றூர் வயலில் வந்து விழுந்தது.

இதை யாரோ செய்த சதி என்று பார்க்க வேண்டியதில்லை. எதிர்ப்புக் குரல் குறைவாக இருக்கும் இடத்தை நோக்கித்தான் எந்தச் சாலையும் வளைகிறது. வயலில் வீடு இருக்காது, கடை இருக்காது, சங்கமும் இருக்காது. கணக்குப் போடுகிறவருக்கு அது காலி இடம்.

வயல்கிளிகள் என்பது யார்?

அந்த வயலைக் காக்கக் கிளம்பிய உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். வெளியூரிலிருந்து வந்த சுற்றுச்சூழல்காரர்கள் இல்லை. பெரும்பாலோர் மார்க்சிஸ்ட் கட்சிக் குடும்பங்கள், பலர் உறுப்பினர்களே. கண்ணூரில் 'கட்சி கிராமம்' என்று ஒரு வழக்கு உண்டு; ஊர் முழுக்க ஒரே கொடி. கீழாற்றூர் அப்படிப்பட்ட ஊர். முதலில் உள்ளூர்க் கட்சியும் வயல் வழிக்கு எதிராகத்தான் பேசியது. மேலிடம் சாலைக்குப் பச்சைக்கொடி காட்டியதும் கட்சி திரும்பிக்கொண்டது, இவர்கள் திரும்பவில்லை.

2017 செப்டம்பரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அமைச்சர் தரப்பில் வாக்குறுதி வந்து முடித்துக்கொண்டார்கள். ஆனாலும் நில அளவை நிற்கவில்லை. போராட்டத்தில் நின்ற 11 உறுப்பினர்களைக் கட்சி நீக்கியது.

பந்தல் எரிந்தது எப்போது?

2018 மார்ச் 14. அளவை செய்ய அதிகாரிகள் போலீசோடு வந்தார்கள். மண்ணெண்ணெய் கேனோடு சிலர் குறுக்கே நின்றார்கள். போலீஸ் அவர்களைக் கைது செய்து வண்டியில் ஏற்றியது. பிறகு வயலோரம் இருந்த போராட்டப் பந்தலுக்குத் தீ வைக்கப்பட்டது. தீ வைத்ததாக மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள்மேல் வழக்குப் பதிவானது.

இதற்கு இரண்டு நாள் முன்னால்தான், மார்ச் 12-இல், அதே கட்சியின் விவசாய சங்கம் நாசிக்கிலிருந்து மும்பைக்கு நடத்திய நெடும்பயணம் முடிந்திருந்தது. வெடித்த பாதங்களின் படங்கள் நாடெங்கும் போய்க்கொண்டிருந்த வாரம். அங்கே விவசாயிக்காக நடந்த கட்சி இங்கே விவசாயியின் பந்தலை எரிக்கிறதா என்று கேரளத் தொலைக்காட்சிகள் விடவே இல்லை. பந்தல் எரியாமல் இருந்திருந்தால் கீழாற்றூர் என்ற பெயர் மாவட்டத்தைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

அடுத்த பதினொரு நாளுக்குள் இரண்டு ஊர்வலங்கள். 'ஊரைக் காப்போம்' என்று கட்சி நடத்தியது ஒன்று. மறுநாள், மார்ச் 25-இல், மாநிலம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து எரிந்த இடத்தில் மறுபடி பந்தல் போட்டது இன்னொன்று. அதே மார்ச்சில், 'இவர்கள் வயல்கிளிகள் இல்லை, வயல் கழுகுகள்' என்கிற மாதிரி அப்போதைய பொதுப்பணித்துறை அமைச்சர் ஜி. சுதாகரன் சட்டசபையில் பேசினார். அதுவும் பெரிய சர்ச்சையானது.

வெறும் சில கிலோமீட்டர் சாலை, ஒரு வயல். இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல அந்த நிலம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும்.

தஞ்சாவூர் மாதிரி கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளி என்று நினைக்காதீர்கள். வட கேரளத்தில் வயல் என்பது இரண்டு செம்மண் குன்றுகளுக்கு நடுவே வளைந்து போகும் ஒடுக்கமான பள்ளம். குன்றில் செங்கல் நிறத்தில் ஓட்டை ஓட்டையான பாறை. அதை வெட்டித்தான் அங்கே வீடு கட்டுவார்கள். ஜூனில் பெய்கிற மழையை அந்தப் பாறை உறிஞ்சி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்துக்கு விடும். வயலில் தேங்கும் தண்ணீர்தான் குன்றடியில் இருக்கும் வீடுகளின் கிணற்றில் கோடையில் நிற்கிறது. நெல் விளைகிறதோ இல்லையோ, ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி அந்த வயல்.

அதன் குறுக்கே ஒரு மண்மேடு போடுவதாக வையுங்கள். மேலே 30 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், இரண்டு பக்கமும் சரிவு. அடியில் அகலம் 40 மீட்டரைத் தாண்டிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,08,000 கன மீட்டர் மண் வேண்டும். ஒரு டிப்பரில் 10 கன மீட்டர் என்றால் 10,800 நடை. அழுத்தினால் மண் அடங்கும், ஆகவே இன்னும் கூட. இந்த மண் எங்கிருந்து வரும்? பக்கத்துக் குன்றிலிருந்துதான். தண்ணீரை உறிஞ்சி வைக்கும் குன்றை வெட்டி, தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் கொட்டுகிறார்கள். ஒரே சாலைக்கு இரண்டு முனையிலும் அடி.

சிறுபாலங்கள் வைப்பார்களே என்பீர்கள். வைப்பார்கள். வாய்க்கால் ஓடும் இடத்தில் அது உதவும். வயலில் தண்ணீர் ஒரு வாய்க்காலில் மட்டும் போவதில்லை; அகலமாகப் பரவி, மண்ணுக்கடியிலும் நகரும். நாலு குழாய் வழியாக அதை அனுப்பினால் மேட்டின் ஒரு பக்கம் குளமாகவும் மறு பக்கம் தரிசாகவும் ஆகும்.

இன்னொன்று, கேரளத்தில் வயல் மிச்சம் இருப்பதே கொஞ்சம். 1970-களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேர் நெல் விளைந்த மாநிலத்தில் இன்று சுமார் 2 லட்சம்தான். அதனால்தான் 2008-இல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புக்கு என்றே சட்டம் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது அதே இடதுசாரி அரசு. அப்புறம் 2018-இல், கீழாற்றூர் விவகாரம் சூடாக இருந்த நேரத்திலேயே, பொதுத் தேவை என்றால் வழிவிடும்படி அதைத் தளர்த்தியதும் இடதுசாரி அரசுதான்.

நிலக்காரர்களே சம்மதித்துவிட்டார்களாமே?

ஆமாம், மிகப் பெரும்பாலோர் சம்மதக் கடிதம் கொடுத்தார்கள் என்று கட்சி சொன்னது. நிலத்தை மனமுவந்து தருகிறோம் என்று வயலில் பலகைகள்கூட நட்டார்கள். கட்சி அழுத்தம் இருந்திருக்கும், அது இல்லாமல் கண்ணூரில் எதுவும் நடக்காது. ஆனால் பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2008 சட்டத்துக்குப் பிறகு வயல் என்று பதிவான நிலத்தில் பெரும்பாலும் வீடு கட்ட முடியாது, ஆகவே விலை போகாது. நெடுஞ்சாலைக்கு எடுத்தால் 2013 நில எடுப்புச் சட்டத்தின்படி சந்தை மதிப்பு, அதோடு அதே அளவு ஆறுதல் தொகை, கிராமப்புறம் என்றால் அதற்கு மேல் ஒரு பெருக்கல். வேறு யாரும் கேட்காத நிலத்துக்கு இப்படி ஒரு விலை வந்தால் வாங்காமல் இருப்பவர் அபூர்வம். அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வயல் பத்திரத்தில் ஐம்பது அறுபது பேருடையது. அதன் தண்ணீர் ஊருக்கே உரியது. பத்திரம் வைத்திருப்பவரைத்தான் சட்டம் பார்க்கும், கிணறு வைத்திருப்பவரை அது பார்க்காது.

மத்திய அரசு யார் பக்கம் நின்றது?

இரண்டு பக்கமும், நேரத்துக்கு ஒன்றாக. 2018 ஏப்ரலில் மாநில பா.ஜ.க. வயல்கிளிகளுக்கு ஆதரவாகக் கண்ணூருக்கு ஊர்வலம் போனது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் குழு வந்து பார்த்து, வயல் வழியை வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் எடுக்கலாம் என்ற தொனியில் அறிக்கை தந்தது. அப்போதைய மத்திய நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் நிதின் கட்கரி போராட்டக்காரர்களைச் சந்தித்துத் தொழில்நுட்பக் குழு அனுப்புவதாகச் சொன்னார். மாநிலத்தைக் கேட்காமல் இப்படிப் பேசுவது கூட்டாட்சிக்கு விரோதம் என்று அப்போதைய கேரள முதல்வர் பினராயி விஜயன் கொதித்தார். அதே ஆண்டு நவம்பரில் அதே மத்திய அரசு நில எடுப்பு இறுதி அறிவிக்கையை வெளியிட்டது, வயல் வழியாகவே. ஊர்வலம் போனவர்கள் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

அதற்குப் பிறகு போராட்டம் மெல்ல அடங்கியது. 2020 உள்ளாட்சித் தேர்தலில் வயல்கிளிகள் தரப்பில் ஒருவர் கீழாற்றூர் வார்டில் நின்று தோற்றார். கட்சிக் கோட்டையில் அது எதிர்பார்த்ததே.

ஆட்சேபம் சொல்ல சட்டத்தில் இடமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் நேரம் கடந்த பிறகு. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இல் 3ஏ என்ற பிரிவின் கீழ் முதல் அறிவிக்கை வரும், பத்திரிகையிலும் போடுவார்கள். 3சி-யின் கீழ் 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். நேரில் கேட்பார்கள், பிறகு நிராகரித்து ஆணை வரும். அடுத்தது 3டி, அது வெளியான அன்றே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதற்கு மேல் பேசுவதெல்லாம் 3ஜி-யின் இழப்பீட்டுத் தொகை பற்றித்தான்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், 3ஏ வரும்போது சர்வே எண் போட்டுத்தான் வரும். கோடு அதற்கு முன்பே, ஆலோசனை நிறுவனத்தின் கணினியில் முடிவாகிவிட்டது. மூன்று நாலு வழிகளை ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள்: நீளம் இவ்வளவு, செலவு இவ்வளவு, இடிபடும் கட்டடம் இவ்வளவு. அந்த அட்டவணையில் கிணற்று நீருக்கு ஒரு பத்தி இருந்ததா என்று கேட்கும் வாய்ப்பு ஊர்க்காரருக்கு எந்தக் கட்டத்திலும் இல்லை. 2013 சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க ஆய்வும் தேசிய நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது. இழப்பீடு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு பற்றிய பகுதிகள் மட்டும்தான் பொருந்தும்.

சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாமா?

நம்மூருக்கும் இதுதான் முக்கியமான பதில். தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு அந்த அனுமதி கட்டாயமாக வேண்டுமானால் நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். அதோடு, கூடுதலாக எடுக்கும் அகலம் பழைய சாலையில் 40 மீட்டரையும் புறவழியில் 60 மீட்டரையும் தாண்ட வேண்டும். விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதி வாங்கு என்றது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, இந்த அகல அளவுகளைத் தாண்டவில்லை, வேண்டாம் என்றது. 60 மீட்டருக்குள் நிற்கும் புறவழிச்சாலை எத்தனை வயலைக் கிழித்தாலும் அந்த வாசலுக்கே போக வேண்டியதில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

தூண் மேல் கட்டியிருக்கலாமே?

கட்டியிருக்கலாம். என் பார்வையில் இந்த விவகாரத்தில் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். ஆறு மாதம் எல்லோரும் 'எந்த வழி' என்று சண்டை போட்டார்கள். 'எப்படிக் கட்டுவது' என்பது கடைசியில்தான் வந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் ஆய்வு செய்து, வயலை விட்டுவிட்டு ஊருக்குள் பழைய சாலையிலேயே மேம்பாலம் போடலாம் என்றது. வயலுக்கு மேலே மேம்பாலம் என்ற பேச்சு மாநில அரசின் பக்கமிருந்தே எழுந்தது, ஆனால் 2018 மார்ச்சில், பந்தல் எரிந்த பிறகு. அப்போது திட்டச் செலவு, ஒப்பந்த முறை எல்லாம் மண்மேட்டை வைத்தே போடப்பட்டிருந்தன. தூண் என்றால் செலவு பல மடங்கு என்பது உண்மைதான். ஆனால் மண்மேட்டின் செலவில் குன்றும் கிணறும் சேர்வதில்லை.

கூரியாட்டில் என்ன நடந்தது?

2025 மே 19-இல், மலப்புறம் மாவட்டம் கூரியாடு என்ற இடத்தில், இதே 66-ஆம் எண் சாலையின் மண்மேடு சரிந்தது. பக்கத்து சர்வீஸ் சாலையையும் இழுத்துக்கொண்டு போனது. அந்த இடமும் ஒரு வயல். அடியில் இருந்த ஈரமண் மேலே ஏற்றிய பாரத்தைத் தாங்கவில்லை. ஒப்பந்த நிறுவனத்தைத் தடைப் பட்டியலில் வைத்தார்கள், நிபுணர் குழு வந்தது, கடைசியில் அங்கே தூண் மேல் பாலமாகவே கட்டுவது என்று முடிவானது. முதலிலேயே ஊர்க்காரர்கள் கேட்டது அதைத்தான்.

அதே மாத மழையில் தளிப்பறம்பு புறவழியின் குப்பம் முனையில், வெட்டிய குன்றிலிருந்து சேறு வீடுகளுக்குள் புகுந்தது. மக்கள் சாலையை மறித்தார்கள்.

கேரளத்தில் மற்ற புறவழிச்சாலைகளும் இப்படித்தானா?

சண்டை இல்லாவிட்டாலும் காலதாமதம் நிச்சயம். தலச்சேரி–மாஹி புறவழி, 18.6 கிலோமீட்டர்: நில எடுப்பு 1970-களில் தொடங்கியது, திறந்தது 2024 மார்ச்சில். மாஹி புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் கொஞ்சம் நம் கதையும் கூட. கொல்லம், 13 கிலோமீட்டர், 2019-இல் திறந்தார்கள். ஆலப்புழை 6.8 கிலோமீட்டர்தான், 1990-இல் தொடங்கி 2021 ஜனவரியில் முடிந்தது, பாதி தாமதம் ரயில் பாதைக்கு மேலே போகும் பாலங்களால். கடற்கரை ஓரம் 3.2 கிலோமீட்டருக்கு அதைத் தூண் மேல்தான் கட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தத் தாமதங்களால் வந்த சலிப்புதான் கீழாற்றூரில் அரசின் பிடிவாதத்துக்கு ஒரு காரணம். இனியும் ஒரு சாலையை விட்டுக்கொடுத்தால் மாநிலமே தேங்கிவிடும் என்ற எண்ணம் கட்சி வேறுபாடு இல்லாமல் இருந்தது. தினமும் லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம் நிற்கும் பஸ் பயணியிடம் வயலைப் பற்றிப் பேசிப் பாருங்கள், தெரியும்.

புறவழி வந்தால் ஊருக்குள் நெரிசல் குறையுமா?

கொஞ்ச காலம் குறையும். ஊரைக் கடந்து போகும் வண்டிகள்தான் வெளியே போகும். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவை அப்படியே இருக்கும். எது எவ்வளவு என்று எண்ணாமல் போட்ட புறவழி வீண்.

திருவையாற்றில் நடந்ததும் இதே மாதிரிதானா?

நிறைய ஒற்றுமை உண்டு. 2022 டிசம்பரில், தஞ்சாவூர் மாவட்டம் திருவையாற்றில் புறவழிச்சாலை போட, வளர்ந்து நின்ற சம்பா பயிரில் மண் கொட்டியபோதுதான் அது செய்தியானது. டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே என்று பலர் கேட்டார்கள். 2020-இல் வந்த அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு போன்ற தொழில்களைத்தான் தடுக்கிறது. சாலை போன்ற கட்டமைப்புப் பணிகளுக்கு அதில் விலக்கு உண்டு. வித்தியாசம் ஒன்று: அது மாநில நெடுஞ்சாலைத் துறையின் வேலை, ஆகவே நில எடுப்பு 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 15-ஆம் பிரிவின் கீழ்.

எங்கள் ஊரிலும் கல் நடப் போகிறார்களாம். என்ன செய்வது?

முதலில், தேசிய நெடுஞ்சாலையா, மாநிலச் சாலையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சட்டமே மாறும். தேசிய நெடுஞ்சாலை என்றால் அறிவிக்கை வெளியான தேதியிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியது, ஒப்பிட்டுப் பார்த்த மாற்று வழிகளின் அறிக்கையும் வரைபடமும், போக்குவரத்துக் கணக்கெடுப்பும், வயல் வரும் இடங்களில் எடுத்த மண் பரிசோதனை முடிவும், சிறுபாலங்களின் பட்டியலும். கடைசி இரண்டையும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கிடைத்ததும் ஊரில் பழைய நீர்ப்பாய்ச்சி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரைபடத்தோடு வயலில் நடந்து பாருங்கள். மழைக்காலத்தில் எந்த மடை வழியாகத் தண்ணீர் வரும், எங்கே தேங்கும் என்று அவர் காட்டும் இடங்களில் சிறுபாலம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத ஒவ்வொன்றையும் சர்வே எண்ணோடு ஆட்சேபத்தில் எழுதுங்கள்.